ஜோர்ஜ் வீதியில் ஒரு ஹூக்காக் கூடம்

சென்ற மாதம் ஓர் இரவு என் மூத்த தமக்கையின் மகன் லண்டனிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். பதினெட்டு ஆண்டுகளாக அங்கு வாழ்பவன். முதலில் பெற்றோல் நிலையத்திலும் பின்னர் சிறு பலசரக்குக் கடையொன்றிலும் உழைத்து, ஒரு வீட்டை வாங்கி, அதற்குப் பட்ட கடனில் பெரும்பகுதியைத் தீர்த்தும் விட்டவன். நலம் விசாரித்தபின் விடயத்துக்கு வந்தான்.

"மாமா, ஒரு ஷீஷா லவுஞ்ச் தொடங்கலாம் எண்டு யோசிக்கிறன். வீட்டை ஈடு வைச்சாக் காசு எடுக்கலாம். அம்மா வேண்டாம் எண்டு நிக்கிறா. நீங்கள் ஒருக்கால் அம்மாவோட கதைச்சா நல்லம்."

ஷீஷா என்று அரபு மக்கள் அழைப்பதைத்தான் நாம் ஹூக்கா என்கிறோம். நீர் நிறைந்த குடுவை, அதன்மேல் புகையிலை வைக்கும் கிண்ணம், கிண்ணத்தின்மேல் கனன்றுகொண்டிருக்கும் கரி, பாம்புபோல் நீண்ட குழாய். நண்பர்கள் சுற்றியிருந்து அதனை இழுத்தபடி மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பதற்கான கூடமே அவன் சொன்ன லவுஞ்ச். அரபு நாட்டவர்களும் துருக்கியர்களும் இத்தொழிலில் இருக்கிறார்கள், எங்கள் ஆட்கள் இன்னும் கைவைக்கவில்லை என்றான். ஆசியச் சாப்பாட்டையும் ஹூக்காவையும் ஒரே இடத்தில் தருகின்ற யோசனை லண்டனில் இதுவரை ஒருவருக்கும் வரவில்லை என்றும் சொன்னான்.

நாற்பது ஆண்டுகளாகப் பத்திரிகை அலுவலகங்களில் காலம் கழித்தவனுக்கு 'முதன்முதலாக' என்ற சொல் காதில் விழுந்தால் கை சும்மா இருப்பதில்லை. எத்தனையோ செய்திகளில் அச்சொல்லை நான் வெட்டியிருக்கிறேன். மருமகனிடம் அவ்வேளையில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்ன அதே யோசனை, அதே லண்டனில், இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஒருவருக்கு வந்தது. அவரும் கைக்காசைப் போட்டுக் கடை திறந்தார். அவருக்கு நேர்ந்ததை இங்கே எழுதுவது அவனுக்கு மட்டுமன்றி, புலம்பெயர்ந்த நாடுகளில் புதிதாக ஏதேனும் தொடங்க எண்ணும் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும்.

புகை வந்த வழி

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியர் அதனைக் கீழைத் தேசங்களுக்குக் கொண்டுவந்தனர். போர்த்துக்கேயர் வழியாகத் தக்காணத்துக்கு வந்த புகையிலையை, பீஜப்பூருக்குத் தூது சென்று திரும்பிய ஆசாத் பேக் என்பவர் 1604ஆம் ஆண்டளவில் மாமன்னர் அக்பரின் அவைக்கு எடுத்துச் சென்றார். அரசவை வைத்தியர் தடுத்தும் மன்னர் சில இழுப்புகள் இழுத்துப் பார்த்ததாக ஆசாத் பேக்கே எழுதி வைத்திருக்கிறார்.

புகையை நீரின் ஊடாகச் செலுத்தினால் அதன் தீமை நீங்கிவிடும் என்று கருதி ஹூக்காவைக் கண்டுபிடித்தவர் அக்பரின் வைத்தியர் ஹக்கீம் அபுல் ஃபத் கிலானி என்று பல நூல்களில் காணலாம். அவரோ 1589இல் காலமானவர். புகையிலை அரசவைக்கு வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே மறைந்தவர் அந்தச் சபையில் ஹூக்காவை எப்படிச் செய்து காட்டினார் என்ற கேள்விக்கு அக்கதையைச் சொல்பவர்கள் பதில் தருவதில்லை. ஹூக்காவின் மற்றொரு பெயரான நர்கிலே, தேங்காயைக் குறிக்கும் நாரிகேளம் என்ற வடசொல்லிலிருந்து பாரசீகம் வழியாகப் பிறந்தது. ஆரம்பகால ஹூக்காவின் நீர்க்குடுவை தேங்காய்க் குடுக்கையாகவே இருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று. அரண்மனையில் பொன்னும் வெள்ளியும் பதிக்கப்பட்ட அதே கருவி, ஏழையின் திண்ணையில் குடுக்கையும் மூங்கிலுமாக இருந்தது.

இதனைப் பலர் கூடும் இடத்தில் வைத்து வணிகமாக்கியவர்கள் கோப்பிக்கடைக்காரர்கள். 1554, 1555ஆம் ஆண்டளவில் அலெப்போ நகரத்து ஹக்கம் என்பவரும் டமஸ்கஸ் நகரத்து ஷம்ஸ் என்பவரும் இஸ்தான்புல்லில் முதற் கோப்பிக்கடைகளைத் திறந்தனர் என்கிறார் ஓட்டோமான் வரலாற்றாசிரியர் பெச்செவி. பின்னர் புகையிலையும் வந்து கோப்பியோடு சேர்ந்துகொண்டது. மக்கள் கூடினால் அரசியல் பேசுவார்கள். அரசியல் பேசினால் ஆட்சியாளர்களுக்கு உறக்கம் வராது. 1633இல் சுல்தான் நான்காம் முராத் புகையிலையைத் தடைசெய்து கோப்பிக்கடைகளையும் மூடுவித்தார். தடையை மீறியவர்கள் தலையை இழந்தனர். இந்தியாவில் ஜஹாங்கீரும் 1617இல் ஒரு தடையைப் பிறப்பித்தார். இரண்டு தடைகளையும் புகை தாண்டி வந்தது.

கல்கத்தாவின் நவாபுகள்

கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தர்களாக வங்காளம் சென்ற ஆங்கிலேயர்கள், முகலாயப் பிரபுக்களைப் பார்த்து ஹூக்காப் பழக்கத்தை ஏற்றுக்கொண்டனர். ஒவ்வொருவரிடமும் ஹூக்காவைப் பராமரிப்பதற்கென்றே ஹூக்காபர்தார் என்ற ஏவலாளர் இருந்தார். புகையிலையைப் பதப்படுத்துவதும், கரியை அணையாமல் காப்பதும், நீரை மாற்றுவதும் அவரது கடமைகள். ஒருவரது ஹூக்காக் குழாயை மற்றொருவர் தாண்டி நடப்பது பெரும் அவமதிப்பாகக் கருதப்பட்டது. 1779இல் ஆளுநர் நாயகம் வொரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் ஓர் இசைவிருந்துக்கு அனுப்பிய அழைப்பிதழில், ஹூக்காபர்தாரைத் தவிர வேறு ஏவலாளர் எவரையும் அழைத்துவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. மற்ற ஏவலாளர் இல்லாமல் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கலாம். ஹூக்காபர்தார் இல்லாமல் முடியாது என்ற நிலை.

இந்த உத்தியோகத்தர்கள் பெரும் பணத்தோடு தாயகம் திரும்பியபோது ஆங்கிலேய மக்கள் அவர்களை நவாபுகள் என்று ஏளனமாக அழைத்தனர். லண்டனின் போர்ட்மன் சதுக்கத்தைச் சுற்றி அவர்களில் பலர் குடியேறினர். அவர்களில் ஒருவர் பாசில் கொக்ரேன். சென்னையில் கம்பனி உத்தியோகத்தராக இருந்து, பிரித்தானியக் கடற்படைக்கு உணவுப் பொருட்களை வழங்கும் ஒப்பந்தங்களால் செல்வம் சேர்த்தவர். தமிழ்நாட்டுக் கரையில் சேர்ந்த அந்தப் பணத்தில் போர்ட்மன் சதுக்கத்து மாளிகையில் ஒரு நீராவிக் குளியலறை அமைத்தார். அங்கே வேலைக்கு அமர்ந்தவர்தான் நம் கதைக்கு உரியவர்.

பாட்னாவிலிருந்து வந்தவர்

சேக் டீன் மொஹமட் 1759இல் பாட்னாவில் பிறந்தவர். தந்தையார் கம்பனிப் படையில் சிப்பாயாக இருந்து இறந்தார். பதினொரு வயதளவில், கொட்ஃபிறி பேக்கர் என்ற அயர்லாந்து நாட்டு அதிகாரியைப் பின்பற்றிப் படையோடு சென்றார். பேக்கர் பதவி விலகியபோது தாமும் விலகி, 1784இல் அவருடன் அயர்லாந்தின் கோர்க் நகரை அடைந்தார். அங்கு ஆங்கிலம் கற்று, ஜேன் டேலி என்ற பெண்ணைக் காதலித்து, 1786இல் அழைத்துச் சென்று மணந்தார். 1794இல் தமது பயணங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அதுவே என்பர். 1807ஆம் ஆண்டளவில் லண்டனுக்குக் குடிபெயர்ந்து கொக்ரேனின் குளியலறையில் பணியாற்றினார்.

1810இல், ஐம்பத்தோராவது வயதில், போர்ட்மன் சதுக்கத்துக்கு அருகே ஜோர்ஜ் வீதி 34ஆம் இலக்கத்தில் 'ஹிந்துஸ்தானி கோப்பி ஹவுஸ்' என்ற பெயரில் ஓர் உணவகத்தைத் திறந்தார். பெயர் கோப்பிக்கடையே தவிர, கோப்பி அங்கே முக்கியமன்று. 1811ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரைம்ஸ் பத்திரிகையில் அவர் வெளியிட்ட விளம்பரம், இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய கனவான்களையே விளித்தது. உண்மையான சிலும் புகையிலையோடு ஹூக்காவும், இங்கிலாந்தில் வேறெங்கும் கிடைக்காத தரத்தில் இந்திய உணவும் கிடைக்கும் என்று அறிவித்தது. மூங்கிற் சாய்மனைகளும் நாற்காலிகளும் போடப்பட்டிருந்தன. சுவர்களில் இந்தியக் காட்சிகள் தொங்கின. ஹூக்கா புகைப்பதற்கெனத் தனி அறை ஒதுக்கப்பட்டிருந்தது.

என் மருமகனின் திட்டத்தில் இதற்கு மேற்பட்டதாக எதனையும் நான் காணவில்லை.

திட்டத்தில் குறை சொல்ல முடியாது. வாடிக்கையாளர் யார் என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். அவர்கள் வாழும் இடத்துக்கே சென்று கடை திறந்தார். அவர்கள் எதற்கு ஏங்கினார்கள் என்பதையும் அறிந்திருந்தார். ஆயினும் இரண்டே ஆண்டுகளில், 1812இல், டீன் மொஹமட் வங்குரோத்து நிலையை அடைந்தார்.

ஏன் தோற்றார்?

1815இல் வெளியான லண்டன் உணவகங்கள் பற்றிய கையேடு ஒன்று இக்கடையை நினைவுகூர்ந்து இரு காரணங்களை ஊகிக்கின்றது. வாடிக்கை மெல்ல மெல்லச் சேரும்வரை தாக்குப்பிடிக்க உரிமையாளரின் கையில் பணம் போதவில்லை. அல்லது பொதுமக்கள் அந்த யோசனையையே ஏற்கவில்லை.

முதற் காரணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். உணவகமொன்றில் ஒருவர் உண்டு எழுந்தால் அடுத்தவர் வந்து அமரலாம். ஹூக்காவின் முன் அமர்பவர் எழுவதில்லை. எழாமல் இருப்பதற்காகவே அவர் வருகிறார். ஒரு கிண்ணப் புகையிலைக்கு ஒருமுறை பணம் கொடுத்துவிட்டு மாலை முழுவதும் இடத்தைப் பிடித்துக்கொள்வார். கரி மாற்ற ஓர் ஆள் அருகிலேயே நிற்கவேண்டும். வாடகையோ நவாபுகள் வாழும் பகுதிக்குரிய வாடகை. இத்தகைய தொழிலில் இலாபம் வருவதற்கு முன் நெடுநாள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்குக் கடன்பட்ட பணம் உதவாது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. அந்த நவாபுகளில் வசதி படைத்தவர்கள் தங்கள் சமையற்காரர்களையும் ஹூக்காக்களையும் இந்தியாவிலிருந்தே கொண்டுவந்திருந்தனர். டீன் மொஹமட் விற்றது அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. வீட்டில் இல்லாத பொது ஆங்கிலேயருக்கோ அதில் நாட்டமில்லை. கறிச்சுவையைத் தேடியவர்களுக்கு வேறு கடைகளும் இருந்தன. ஹேமார்க்கெட் பகுதியில் நொரிஸ் வீதிக் கோப்பிக்கடை 1773இலேயே கறி பரிமாறியது. கம்பனியோடு வணிகத் தொடர்புடையவர்கள் கூடுவதற்கு நகரின் மையத்தில், கோர்ன்ஹில் பகுதியில் ஜெரூசலேம் கோப்பிக்கடை இருந்தது.

அதோடு அந்தப் பழக்கமும் தேய்ந்து கொண்டிருந்தது. கல்கத்தா விருந்து மேசைகளில் 1840 வரை ஹூக்காவின் குமிழிச் சத்தம் கேட்டது. ஆனால் 1860இல் சென்னை மாகாணத்தில் ஹூக்கா புகைத்த ஐரோப்பியர் ஆறு பேரளவிலேயே இருந்தனர் என்றும், 1878 அளவில் ஒருவருமில்லை என்றும் 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதி பதிவு செய்கிறது. ஹூக்காவின் இடத்தைப் பிடித்தது சுருட்டு. திருச்சிராப்பள்ளிச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் ஆங்கிலேயரின் சட்டைப்பையில் இடம்பிடித்தன. சுருட்டு என்ற தமிழ்ச் சொல்லே 'செரூட்' என்று ஆங்கிலத்துக்குள் புகுந்தது. ஏவலாளும் கரியும் நீரும் வேண்டாத தமிழனின் சுருட்டு, பிரபுக்களின் ஹூக்காவை வென்றது என்று சொன்னால் மிகையாகாது.

கைகள் மட்டும் மிஞ்சியபோது

1813இல் அதே ரைம்ஸ் பத்திரிகையில் டீன் மொஹமட்டின் பெயர் மறுபடியும் வெளிவந்தது. இம்முறை வீட்டுப் பணியாளராக வேலை தேடும் விளம்பரம். ஐம்பத்து நான்கு வயது, மனைவி, பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கனவான்களை விருந்துக்கு அழைத்தவர், அக்கனவான்களிடமே வேலை கேட்டு நின்றார். பழைய பத்திரிகைகளைப் புரட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட எனக்கு, அந்த இரு விளம்பரங்களைவிடத் துயரமான செய்தி அதிகம் கிடைத்ததில்லை.

1814இல் குடும்பத்தோடு கடலோர நகரான பிறைற்றனுக்குச் சென்றார். நீராவிக் குளியலும், சாம்பி என்ற இந்திய முறையில் உடலைப் பிடித்துவிடுவதும் அவருக்குக் கைவந்த கலைகள். அந்தச் சொல்லே 'ஷாம்பூ' என்று மருவி உலகெங்கும் பரவியது. வாதத்தாலும் மூட்டுவலியாலும் வருந்தியவர்கள் அவரைத் தேடி வந்தனர். 1821இல் கடற்கரையில் பெரிய குளியல் மாளிகையொன்றை அமைத்தார். குணமடைந்தவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களை அங்கே காட்சிக்கு வைத்தார். நான்காம் ஜோர்ஜ் மன்னரும் நான்காம் வில்லியம் மன்னரும் அவரைத் தமது பணியில் நியமித்தனர்.

அவர் சுத்தமான மனிதர் என்று சொல்ல வரவில்லை. வைத்திய அனுபவம் நீண்டதாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பிறந்த ஆண்டைப் பத்தாண்டுகள் முன்தள்ளி 1749 என்று எழுதிக்கொண்டார். அப்பொய் அவரோடு கல்லறைக்கும் சென்றது. 1851இல் தொண்ணூற்றிரண்டு வயதளவில் இறந்தவருக்கு நூற்றொரு வயது என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். முதுமையில் அந்தக் குளியல் மாளிகையும் அவர் கையைவிட்டுப் போயிற்று. ஆனால் அவருடைய பேரன் பிரெடெரிக் அக்பர் மொஹமட் லண்டனின் கைஸ் மருத்துவமனையில் வைத்தியராகி, உயர் இரத்த அழுத்தம் பற்றிய ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவரானார். 1884இல் முப்பத்தைந்து வயதிலேயே மறைந்தார்.

ஜோர்ஜ் வீதியில் அவர் விற்றது எவரும் வாங்கிவரக்கூடிய பொருள். பிறைற்றனில் அவர் கொடுத்தது அவருடைய கைகளிலேயே இருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடே அவர் வாழ்க்கையின் பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எட்ஜ்வெயார் வீதி

2011இல் லண்டன் சென்றிருந்தபோது, அந்த ஜோர்ஜ் வீதியில் நடந்திருக்கிறேன். 102ஆம் இலக்கக் கட்டிடத்தில் 2005இல் பதிக்கப்பட்ட பச்சைநிற நினைவுப் பலகை ஒன்று இருக்கிறது. அவ்வீதியின் மேற்குக் கோடி எட்ஜ்வெயார் வீதியில் சென்று முடிகிறது. லண்டனில் அரபு மக்களின் ஹூக்காக் கடைகளுக்குப் பெயர்பெற்ற வீதி அதுவே. தோற்றுப்போன கடையிலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில், இரண்டு நூற்றாண்டுகளின் பின் அதே தொழில் வேரூன்றியது. ஆகவே அந்த யோசனை தவறானதல்ல. காலமும் வாடிக்கையாளரும் வேறு.

எனினும் இன்றைய நிலை வேறுவிதமானது. 2007ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி முதல் இங்கிலாந்தில் மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. ஹூக்காவும் அதற்குள் அடங்கும். புகையிலை கலவாத மூலிகையாயினும் விலக்கில்லை. கூரையின் கீழ்ப் புகைக்க வேண்டுமானால் சுற்றுச் சுவரில் பாதியளவேனும் திறந்திருக்க வேண்டும். லண்டன் மாரிகாலத்தில் பாதிச்சுவர் இல்லாத கடைக்கு எவ்வளவு வெப்பமூட்ட வேண்டும் என்பதை மருமகன் கணக்கிட்டானோ தெரியாது. தமிழ்நாட்டுச் சட்டசபையும் 2022இல் ஹூக்காக் கூடங்களைத் தடைசெய்யும் சட்டமூலத்தை நிறைவேற்றியது. நீரின் ஊடாக வரும் புகை தீங்கற்றது என்ற நானூறு ஆண்டு நம்பிக்கையும் பொய்த்துவிட்டது. ஒரு மணிநேர ஹூக்காவில் உள்ளிழுக்கப்படும் புகையின் கொள்ளளவு, ஒரு சிகரெட்டின் புகையைப்போல் நூறு முதல் இருநூறு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் தெரிவித்தது.

இனி என் தமக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தந்தையார் தென்னிலங்கையில் ஒரு சிறு பட்டினத்தில் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்துச் சுருட்டும் நல்லெண்ணெயும் பனங்கட்டியும் விற்ற அத்தகைய கடைகள் அக்காலத்தில் சிங்கள ஊர்கள் எங்கும் இருந்தன. அங்கும் அதன் பெயர் சுருட்டுத்தான். தந்தையார் விற்றதை வாங்கியவர்கள் அவ்வூர் மக்கள். தங்களுக்கு வேண்டியிருந்ததால் வாங்கினார்கள். கடை நன்றாகவே நடந்தது. 1958 மே மாதத்தில் எரிந்தது. கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை வந்து இறங்கியபோது தந்தையாரின் கையில் கடைத் திறப்பு மட்டும் இருந்ததாகத் தமக்கை சொல்வார். அப்போது அவருக்குப் பதினொரு வயது. அதன்பின் தந்தையார் கடை வைக்கவில்லை.

ஆகவே தமக்கையின் அச்சம் வேறு, என் அச்சம் வேறு. தந்தையார் கணக்கில் தவறவில்லை. டீன் மொஹமட்டை எவரும் எரிக்கவில்லை. ஒருவரின் இழப்பை வைத்து மற்றொருவரின் தொழிலை அளப்பது சரியன்று. எனவே தமக்கை 'வேண்டாம்' என்று சொன்னதற்காக நானும் 'வேண்டாம்' என்று சொல்லப்போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகனை நானே அழைத்து இந்தக் கதையைச் சொன்னேன். மூன்று கேள்விகள் கேட்டேன். மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவு உன் கடையில் யார் வந்து இருப்பார்கள்? ஒருவரும் வராவிட்டாலும் எத்தனை மாதம் வாடகை கட்டுவாய்? பக்கத்துக் கடைக்காரனிடம் இல்லாமல் உன்னிடம் மட்டும் இருப்பது என்ன?

நெடுநேரம் பேசாமலிருந்தான். பின்னர், "மாமா, அந்தப் பலகை எந்த நம்பரில இருக்கு எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டான். சொன்னேன். வேலை முடிந்து போய்ப் பார்ப்பதாகச் சொன்னான்.

தமக்கையோடு இன்னும் கதைக்கவில்லை.